சிகோரிட்டாவை ஓரங்கட்டியது யார்?

மூன்று பந்துகள். ஒன்றில் புல், ஒன்றில் நெருப்பு, ஒன்றில் நீர். ஒன்றைக் கையில் எடுத்த நொடியில் மற்ற இரண்டும் போச்சு! போக்கிமான் விளையாட்டுகளில் இதைவிட நெஞ்சு படபடக்கும் இடம் வேறு இல்லை. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் ரெட், கிரீன் என்று இரண்டு கேம்பாய் கார்ட்ரிட்ஜ்களோடு பிறந்த வழக்கம் இது. ஒன்பது தலைமுறை ஆகியும் அசையவில்லை. ரசிகர்கள் ‘ஸ்டார்ட்டர்’ என்று செல்லமாக அழைக்கும் அந்த முதல் துணை கைக்கு வந்த பிறகுதான் பயணமே கிளம்பும்.

ஆனால் மூன்று குட்டிகளுக்கும் ஒரே அளவு அன்பு கிடைக்கிறதா என்றால், இல்லை. வளர்ந்த ஸ்டார்ட்டர்களில் சாரிஸார்டுக்கு உலகமே ரசிகர் மன்றம். கிரெனிஞ்சா, 2016-ல் ஜப்பானில் 720 போக்கிமான்களை வைத்து நடந்த வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது. 2020-ல் உலக ரசிகர்கள் வாக்களித்தபோதும் அதுவே முதலிடம். தலையில் ஒற்றை இலையோடு நிற்கும் சிகோரிட்டாவின் பெயரைச் சொன்னாலோ, “அதை யாருப்பா எடுப்பாங்க?” என்று கேட்பார்கள். ஏன் இப்படி? வாருங்கள், திரையைக் கொஞ்சம் விலக்கி உள்ளே எட்டிப் பார்ப்போம். அங்கே இருக்கும் கணக்குகள் அத்தனை சுவாரசியம்!

முதல் ரகசியம்: சமமில்லாத முக்கோணம்

நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும், நீர் நெருப்பை அணைக்கும். ஆளுக்கு ஒரு வெற்றி, ஆளுக்கு ஒரு தோல்வி. எவ்வளவு நேர்மையான முக்கோணம்! ஆனால் இந்த விளையாட்டில் இருப்பது மூன்று வகைகள் மட்டும் இல்லையே. பனி, பூச்சி, விஷம், எஃகு என்று நீளும் முழு அட்டவணையையும் விரித்துப் பாருங்கள், நியாயம் அங்கேயே சரிகிறது. நீருக்குப் பலவீனங்கள் 2. நெருப்புக்கு 3. புல்லுக்கு? 5! நெருப்பு, பனி, பறக்கும் வகை, பூச்சி, விஷம் என்று ஐந்து பக்கமிருந்தும் அடி விழும்.

அடி வாங்குவதில் மட்டுமா? அடிப்பதிலும் இதே கதைதான். நீர்த் தாக்குதலைப் பாதியாகக் குறைத்துவிடும் வகைகள் 3, நெருப்புத் தாக்குதலைக் குறைப்பவை 4. புல் தாக்குதலைத் தாங்கிக்கொண்டு நிற்பவையோ 7! பச்சைக் குட்டியைத் தேர்ந்தெடுப்பவர் பயணம் தொடங்கும் முன்பே மேட்டுப் பாதையில் நிற்கிறார்.

இரண்டாவது ரகசியம்: வழித்தடம்

“அப்படியானால் முதல் விளையாட்டின் பல்பசோரும் புல்தானே, அது ஜாலியாகத்தானே போனது?” என்று கேட்பீர்கள். அருமையான கேள்வி! விடை வரைபடத்தில் இருக்கிறது. ரெட், கிரீன் விளையாட்டுகளில், வழியில் வென்று கடக்க வேண்டிய ஜிம் தலைவர்களில் முதலாமவர் புரோக். அவரிடம் இருக்கும் ஜியோடூட், ஓனிக்ஸ் இரண்டுமே பாறையும் நிலமும் கலந்தவை. புல் தாக்குதல் அவற்றின் மேல் நான்கு மடங்காக இறங்கும். அடுத்த தலைவி மிஸ்டி, நீர் வகை. பல்பசோருக்கு முதல் இரண்டு ஜிம்களும் சிவப்புக் கம்பளம். நெருப்புக் குட்டி சார்மாண்டரோடு போனவர்கள்தான் திணறினார்கள்.

இப்போது 1999-ல் வந்த கோல்டு, சில்வர் விளையாட்டுகளுக்கு, ஜோட்டோ நிலத்துக்கு வாருங்கள். சிகோரிட்டாவைக் கூட்டிக்கொண்டு முதல் ஜிம் உள்ள ஊருக்குள் நுழைந்தால் அங்கே பறவைகளை வளர்க்கும் ஃபால்க்னர். அதே ஊர்க் கோபுரத்தில் துறவிகள் வளர்க்கும் பெல்ஸ்பிரவுட்கள். புல்லும் விஷமும் கலந்த செடிகள், சிகோரிட்டாவின் இலை அவற்றைக் கூசக்கூடச் செய்யாது. அடுத்த ஜிம்மில் பூச்சிகளோடு பக்ஸி. நான்காவதில் மோர்ட்டியின் ஆவிகள், விஷமும் சேர்ந்தவை. அப்புறம் எஃகு, பனி, கடைசியில் டிராகன். எட்டு ஜிம்களில் புல்லுக்கு இரையாகும் நீரையோ நிலத்தையோ பாறையையோ தன் வகையாகக் கொண்டது ஒன்றுகூட இல்லை!

உச்சக்கட்டம் இன்னும் இருக்கிறது. சாம்பியன் லான்ஸிடம் ஆறு போக்கிமான்கள்: மூன்று டிராகனைட், ஒரு கயராடோஸ், ஒரு ஏரோடாக்டில், ஒரு சாரிஸார்டு. ஆறையும் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் புல் தாக்குதலுக்கு எதன் மேலும் கூடுதல் வலு கிடையாது. நான்கின் மேல் கால் பங்காகச் சுருங்கியும் விடுகிறது. அந்த சாரிஸார்டு வேறு, அங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்!

எல்லாம் முடிந்து முதல் விளையாட்டின் கான்டோ நிலத்துக்குப் போனால் புரோக்கும் மிஸ்டியும் காத்திருக்கிறார்கள். பல்பசோருக்கு முதல் நாளிலேயே கிடைத்த விருந்து, சிகோரிட்டாவுக்குப் பந்தி முடிந்த பிறகு பரிமாறப்பட்டது.

மூன்றாவது ரகசியம்: வளர்ந்த பின் வரும் முகம்

தேர்ந்தெடுக்கும்போது நாம் பார்ப்பது குட்டியைத்தான். மனசு ஒட்டிக்கொள்வதோ அது வளர்ந்து எடுக்கும் கடைசி உருவத்தோடு. சாரிஸார்டை வடிவமைத்த அட்சுகோ நிஷிடா முதலில் அந்த இறக்கை விரித்த ராட்சசனை உருவாக்கிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்துதான் குட்டி சார்மாண்டரை அடைந்தாராம். என்ன ஒரு தந்திரம்! உச்சத்தை முதலில் கட்டிவிட்டுப் படிகளைப் பிறகு வைத்திருக்கிறார்.

சிகோரிட்டா வளர்ந்தால் மெகானியம். கழுத்தைச் சுற்றி இதழ்கள் விரிந்த சாதுவான உயிர். அதன் மூச்சு பட்டால் வாடிய செடியும் துளிர்க்கும் என்கிறது விளையாட்டுக்குள் இருக்கும் கையேடான போக்கிடெக்ஸ். எண்களும் அதே குணத்தைச் சொல்கின்றன: இரண்டு தற்காப்புகளும் தலா 100, தாக்குதல்கள் 82, 83. கூடப் பிறந்த டைஃப்ளோசனின் சிறப்புத் தாக்குதல் 109, வேகம் 100. கதைப் பயணத்தில் ஓங்கி ஓர் அடி அடித்து முடிப்பவருக்குத்தான் கைதட்டல். பொறுத்துத் தாங்கும் வலிமை எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்து ஆடும்போது மிளிரும். கதை ஓடும்போது அது கண்ணில் படுவதில்லை.

2010-ல் பிளாக், ஒயிட் விளையாட்டுகளில் வந்த நெருப்புப் பன்றிக்குட்டி டெபிக்குக்கு நேர்ந்தது வேறு சோதனை. அங்கே வழித்தடத்தைச் சமன் செய்துவிட்டார்கள். நீங்கள் எந்தக் குட்டியை எடுத்தாலும் முதல் ஜிம்மில் அதை வெல்லும் வகையோடுதான் எதிராளி வருவார். மூவருக்கும் ஒரே கஷ்டம்! ஆனால் டெபிக் வளர்ந்து எடுக்கும் கடைசி உருவமான எம்போர், நெருப்பும் சண்டையும் கலந்த வகை. 2002-ல் பிளேசிக்கன் அதே கலவை. 2006-ல் இன்ஃபெர்னேப் அதே கலவை. மூன்றாவது முறையும் அதே என்றதும் ரசிகர்கள் சலித்துக்கொண்டார்கள். இன்ஃபெர்னேப்பின் வேகம் 108, எம்போரின் வேகம் 65. முன்னால் போனவர்களின் நிழல் எம்போர் மேல் கனமாக விழுந்தது.

நான்காவது ரகசியம்: விளக்கு வெளிச்சம்

1998-ல் விளையாட்டு அமெரிக்காவுக்குப் போனபோது ரெட் அட்டையில் சாரிஸார்டு, புளூ அட்டையில் பிளாஸ்டாய்ஸ். ஜப்பானில் கிரீன் அட்டையை அலங்கரித்த, பல்பசோரின் வளர்ந்த உருவமான வீனசோருக்கு அங்கே அட்டையே இல்லை! 2013-ல் மெகா வடிவங்கள் வந்தபோது சாரிஸார்டுக்கு இரண்டு, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று. 2019-ல் சுவார்டு, ஷீல்டு வந்தபோது சாம்பியன் லியோனின் தோளோடு தோளாகச் சாரிஸார்டு நின்றது. வீனசோரும் பிளாஸ்டாய்ஸும் அடுத்த ஆண்டின் கூடுதல் பகுதி வரை காத்திருந்தார்கள். புகழ் வெளிச்சத்தைக் கொண்டுவருகிறது, வெளிச்சம் மேலும் புகழைக் கொண்டுவருகிறது.

தொலைக்காட்சித் தொடரிலும் இப்படியே. தொடரின் நாயகன் ஆஷின் சிகோரிட்டா அவன்மேல் உயிரையே வைத்திருந்தது. பேலீஃப் ஆக வளர்ந்த பிறகும் தன் பருமன் தெரியாமல் அவன்மேல் பாய்ந்து கட்டிக்கொள்ளும். ஆனால் மெகானியம் ஆகவே இல்லை. அவனுடைய டெபிக்கும் நடுப்படியிலேயே நின்றது. கிரெனிஞ்சாவுக்கோ ஆஷோடு மனம் ஒன்றிப் புது உருவமே கிடைத்தது. ஸ்மாஷ் பிரதர்ஸ் சண்டை விளையாட்டின் மேடையிலும் ஐவிசோர், ஸ்குவர்ட்டில், சாரிஸார்டு, கிரெனிஞ்சா, இன்சினரோர் என்று ஸ்டார்ட்டர் குடும்பங்களிலிருந்து வீரர்கள் ஏறிவிட்டார்கள். ஜோட்டோ ஸ்டார்ட்டர்களிலிருந்து ஒருவரும் இல்லை.

இனி வருவது இனிப்பான செய்தி

1997 நவம்பரில் ஸ்பேஸ் வேர்ல்டு கண்காட்சியில் கோல்டு, சில்வரின் முன்னோட்டம் வைக்கப்பட்டது. அதன் உள்ளடக்கம் 2018-ல் வெளியே வந்தபோது ரசிகர்கள் துள்ளினார்கள். அதில் நெருப்புக் குட்டி ஒரு கரடி, நீர்க் குட்டி ஒரு சீல்! இரண்டையும் பின்னால் கைவிட்டுவிட்டார்கள். இலை வைத்த அந்தப் பச்சைக் குட்டி மட்டும் தப்பித்து வந்தது. ஆம், சிகோரிட்டா! மூவரில் அதுவே மூத்தது.

இன்னொன்றும் உண்டு. ஃபால்க்னரின் பறவைகள் சிகோரிட்டாவைத் துரத்தும் அதே ஊரில், ஒரு வீட்டில் ஒருவர் பெல்ஸ்பிரவுட் கொடுத்தால் ஓனிக்ஸ் தருகிறார். பாறைப் பாம்பு ஓனிக்ஸுக்கு முன்னால் பறவைகள் எம்மாத்திரம்! பக்கத்துக் குகையில் ஜியோடூட்களும் திரிகின்றன. பூட்டை மாட்டிய ஊரிலேயே சாவியையும் வைத்திருக்கிறார்கள்.

டைஃப்ளோசனோடு போனால் தனியாளாகவே பாதி வழியைக் கடக்கலாம். சிகோரிட்டாவோடு போனால் புதர் புதராகத் தேடி, பேரம் பேசி, ஒரு கூட்டத்தையே சேர்த்தாக வேண்டும். சிறுவயதில் பூச்சி சேகரித்த சதோஷி தஜிரி அந்த மகிழ்ச்சியைத்தான் விளையாட்டாக்கினார். அந்த ஆசைக்கு மிக அருகில் நடப்பவர், குறைவாகக் கொண்டாடப்பட்ட குட்டியை எடுத்தவர்தான்!

காலமும் திரும்பிவிட்டது. 2025 அக்டோபரில் வந்த லெஜண்ட்ஸ் இசட்-ஏ விளையாட்டின் மூன்று ஸ்டார்ட்டர்கள் யார் தெரியுமா? சிகோரிட்டா, டெபிக், டோட்டோடைல். மெகானியத்துக்கு மெகா வடிவம், அதோடு தேவதை வகையும் கூடவே! தேவதைகளை டிராகன் தாக்குதல் தொடவே முடியாது. தேவதைகளின் அடியோ டிராகன் மேல் இரட்டிப்பு. லான்ஸ் ஐயா, உங்கள் டிராகனைட்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்! நண்பர்களே, அடுத்த முறை மூன்று பந்துகள் முன்னால் உருளும்போது அந்தப் பச்சைக் குட்டியை எடுங்கள். பயணம் நீளும், கூட்டாளிகள் பெருகுவார்கள், ஜெயித்தால் அந்த ஜெயம் முழுக்க உங்களுடையது!