பிடி தளரும் காலம்

சரணாகதியை விளக்க வைணவத்தில் இரண்டு உவமைகள் உண்டு. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியோ வாளா கிடக்கும். தாயே அதைக் கவ்விச் செல்லும். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார் முன்னதையும், பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார் பின்னதையும் எடுத்துக்காட்டுவர். காப்பவன் இறைவனே என்பதில் இருசாராருக்கும் ஐயமில்லை. நம் பங்கு எவ்வளவு என்பதிலேயே கருத்து வேற்றுமை.

இளமையில் குரங்குக் குட்டியே என் மனத்துக்கு உகந்ததாக இருந்தது. விரதமும் பாராயணமும் மலையேற்றமும் என் பிடியின் உறுதியைக் காட்டுவதாக எண்ணினேன். எழுபது வயதைக் கடந்த இன்று கை நடுங்குகிறது. நாள்தோறும் ஓதிய பாசுரத்தில் அடுத்த அடி மறந்துபோகிறது. அவன் என்னைக் கைவிட்டுவிடுவானோ என்று அஞ்சினேன். இத்தனை ஆண்டுகளும் நான் நம்பியது அவனையன்று, என் பிடியையே என்பதை அந்த அச்சம்தான் உணர்த்தியது.

இன்றும் இயன்றவரை ஓதுகிறேன். மறந்த இடத்தில் பதறாமல் கைகூப்பி நிற்கிறேன். கோயில் படிகளில் மகன் என் கையைப் பற்றிக்கொள்கிறான். முன்பெல்லாம் உதறிவிடுவேன், இப்போது உதறுவதில்லை. பூனைக் குட்டியின் பாடம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.