கடை திறந்தாயிற்று, கவலை தீர்ந்ததா?



கொரோனா காலத்தில் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு அரிசி, மளிகை கேட்டு வந்தவர்களில் ஹோட்டல் தொழிலாளர்கள் அதிகம். பரோட்டா மாஸ்டர், சப்ளையர், பாத்திரம் கழுவும் பெண்கள், லாட்ஜில் அறை சுத்தம் செய்பவர்கள் என்று பலரும் வந்தார்கள். இப்போது அவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆனாலும் பிள்ளையின் ஃபீஸுக்கு உதவி கேட்க வரும்போது, எழுந்து போகும் நேரத்தில் மெதுவாகச் சொல்கிறார்கள்: "ராத்திரி தூக்கமே வர்றதில்ல பாய்."

காரணம் இல்லாமல் இல்லை. 2020 மார்ச்சில் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. ஜூன் 8ஆம் தேதி பாதி இருக்கைகளுடன் திறந்தார்கள். ஜூன் 24 முதல் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு. 2021 மே மாதம் மீண்டும் அடைப்பு. 2022 ஜனவரியில் இரவு ஊரடங்கு. தூங்கா நகரத்தில் ராத்திரி வியாபாரத்தை நம்பியவனுக்கு இரவு பத்து மணிக்கு அடைப்பு என்றால் பேட்டா ஏது?

ஆபத்து நேரத்தில் மனம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். களைப்பு தெரிவது அதன் பிறகுதான். அன்று வாங்கிய வட்டிக் கடன் இன்றும் நிற்கிறது. மறுபடி அடைத்துவிடுவார்களோ என்ற பயம் போகவில்லை. இரவு வேலை தூக்கத்தைக் கெடுக்கிறது. உள்ளே இவ்வளவு இருந்தும் வாடிக்கையாளர் முன்னால் சிரித்த முகமாக நிற்க வேண்டும்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, வீட்டில் காரணமில்லாத கோபம், புதிதாக வந்த குடி அல்லது போதைப் பழக்கம், "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு ஆகியவற்றைக் கவனியுங்கள். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சோம்பலல்ல, நோய். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

"ஈமான் குறைந்ததால் வந்தது" என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபி (அலை) அவர்கள் பார்வை மங்கும் அளவுக்கு அழுததைக் குர்ஆன் சொல்கிறது. அவர்களின் ஈமானில் யார் குறை காண முடியும்?

ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதும் சரியல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. இன்று அதே ஏர்வாடி தர்காவில் 'தவா, துஆ' என்று மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கின்றன. நமக்கோ தர்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. சிகிச்சை இலவசம். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய சில வாரங்கள் ஆகும். ஐந்தாம் நாள் "பலனில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். நேரில் போகத் தயக்கமா? 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கடை முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். வார விடுமுறை நீங்கள் தரும் சலுகையல்ல. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டப்படி அது தொழிலாளியின் உரிமை. மருத்துவமனைக்குப் போகும் நாளில் சம்பளம் பிடிக்காதீர்கள். வேலையில் தடுமாறுபவரைத் திட்டும் முன், "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று கேளுங்கள்.

வசதியுள்ளவர்களுக்கு இன்னொன்று. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு. வட்டியில் சிக்கிய ஒரு தொழிலாளியை மீட்பது, அவருடைய தூக்கத்தையும் மீட்பதாகும்.

உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். அலுவலகத்தில் சொல்லும் விஷயம் வெளியே போகாது. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் மருத்துவமனைக்கு நாங்களே கூட வருகிறோம். வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்