தேக்காவின் ஓட்டக்காரர்கள் – 9: அரைச் சாண்

சென்ற வாரம் லிம் ஹீம் வெய் கதையில், ஜிம்னாஸ்டிக்ஸ் சமநிலைக் கட்டையின் அகலம் பத்து சென்டிமீட்டர்தான் என்று எழுதியிருந்தேன். ஏறக்குறைய அரைச் சாண். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் அந்த அரைச் சாண் மேல் நின்று வெள்ளி வாங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் சிங்கப்பூர் ஜிம்னாஸ்ட் ஆனார். இந்த வாரமும் ஓர் அரைச் சாண் வருகிறது. அதைத் தாண்ட சிங்கப்பூருக்கு 33 ஆண்டு பிடித்தது.

சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் பின்புறம் போனால் ரேஸ் கோர்ஸ் ரோடு. பெயரே சொல்லிவிடும், பக்கத்திலிருக்கும் ஃபேரர் பார்க் திடல் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த இடம். சிங்கப்பூர் விழுந்து இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17 அன்று, பிரிட்டிஷ் இந்தியப் படைச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும் இங்கேதான். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தப் புல்தரையில் ஆரம்பிக்கிறது. அதே 1942இல் பிறந்தவர் இந்த வாரத்து ஓட்டக்காரர், கனகசபை குணாளன்.

குணாளன் முதலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தவர். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட டான் எங் யூன் கண்ணில் அவருடைய வேகம் பட்டது, ஓட்டத்துக்கு இழுத்துவிட்டார். அப்போதே இருபது வயது தாண்டியிருந்தது. பள்ளிப் பருவத்திலேயே ஓடி ஓடிப் பழகியவர்கள் பாதி தூரம் போயிருக்கும் வயது. ஆனாலும் 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்தார், மார்பில் மலேசியா என்ற பெயரோடு. சிங்கப்பூர் அன்று மலேசியாவின் ஒரு மாநிலம். அதே அணியில் மணி ஜெகதீசன் என்ற மருத்துவ மாணவரும் இருந்தார். இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பின்னாளில் ‘பறக்கும் டாக்டர்’ என்று பெயர் வாங்கியவர்.

அடுத்த ஆண்டே சிங்கப்பூர் தனி நாடு. 1966 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் இறுதி ஓட்டம்: இந்தப் பக்கம் மலேசியாவின் ஜெகதீசன், அந்தப் பக்கம் சிங்கப்பூரின் குணாளன். ஆசியாவிலேயே வேகமான மனிதர் யார் என்ற கேள்விக்கு அன்று இரண்டு தமிழர்கள் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் 10.5 வினாடி. நிறுத்தக் கடிகாரங்களால் பிரிக்க முடியாமல் படத்தைப் பார்த்தார்கள். முடிவுக்கோட்டுப் படத்தில் நீட்டிய கைக்கும் முந்திய தலைக்கும் மதிப்பில்லை. உடம்பு எப்போது கோட்டைத் தொடுகிறது என்பதுதான் கணக்கு. ஜெகதீசனின் மார்பு முந்தியிருந்தது. குணாளனுக்கு வெள்ளி. அந்த ஆசியப் போட்டியில் 200 மீட்டரும் தொடர் ஓட்டமும்கூட ஜெகதீசன் பக்கம்தான் போயின.

இரண்டு ஆண்டு கழித்து மெக்சிகோ ஒலிம்பிக். அங்கே 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார் குணாளன். அரையிறுதிக்குப் போகவில்லை. ஆனால் அந்த எண் சிங்கப்பூரில் கல்வெட்டாக நின்றுவிட்டது. 1968, 1969 இரண்டு ஆண்டும் நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர் அவர்தான்.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். காற்று மெல்லியது, மூச்சு வாங்க நேரமில்லாத குறுகிய ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் அது வரப்பிரசாதம். பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியதும், ஜிம் ஹைன்ஸ் 9.95 ஓடியதும் அங்கேதான். ஹைன்ஸின் சாதனை 1983 வரையும் பீமனுடையது 1991 வரையும் நின்றன. செயற்கைத் தளம் ஒலிம்பிக்குக்கு வந்ததும் அந்த முறைதான். ஆக, 10.38இல் மலைக்காற்றுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. சொன்னால் குணாளன் மதிப்பு குறைந்துவிடாது. அதே காற்றில் ஓடிய ஜெகதீசனின் 200 மீட்டர் நேரம், 20.92, மலேசியாவில் 2017 வரை அசையவில்லை.

ஆனால் 33 ஆண்டுக்கும் காற்றையே காரணம் காட்ட முடியாது. உலகம் அதற்குள் எங்கேயோ போய்விட்டது. பதினெட்டு வயதில் தேசிய சேவை, அதற்கு முன்னும் பின்னும் தேர்வுகள் என்றிருக்கும் ஊரில், பையன் ஓடுகிறான் என்று எந்த வீட்டில் டியூஷனை நிறுத்துவார்கள்? 2001 கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டில் யு.கே. ஷியாம் 10.37 ஓடினார். நூறில் ஒரு வினாடி. அந்த வேகத்தில் ஒரு மனிதர் அதற்குள் கடக்கும் தூரம் பத்து சென்டிமீட்டர். அதன் பிறகும் 22 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது, மார்க் பிரையன் லூயிஸ் 2023இல் 10.27 ஓடும் வரை.

குணாளன் காலணியைக் கழற்றிய பின் உடற்கல்வி விரிவுரையாளரானார். எத்தனையோ பள்ளிகளின் திடல்களில் விசில் ஊதியவர்கள் அவரிடம் படித்தவர்கள். 1973இல் சிங்கப்பூர் முதன்முதலாகத் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டை நடத்தியபோது தேசிய அரங்கில் தீபம் ஏற்றியவரும் அவரே. அதே போட்டியில் பெண்கள் 200 மீட்டரில் பர்மாவின் தான் தான் என்பவர்தான் ஜெயிப்பார் என்று எல்லாரும் நினைத்திருக்க, பள்ளி ஆசிரியை ஒருவர் தங்கம் வாங்கினார். பெயர் குளோரி பர்னபாஸ். சாந்தி பெரேரா 2015இல் வரும் வரை 42 ஆண்டு அந்த இடத்துக்கு வேறு சிங்கப்பூர்ப் பெண் வரவில்லை. குளோரி டீச்சர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)