மண் மூடும் முன்பே பார்த்துவிடுங்கள்

தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர், 2024 ஜூலை முதல் சுயசான்று அளித்து இணையத்திலேயே உடனடியாகக் கட்டட அனுமதி பெறலாம். அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் பாதாளச் சாக்கடை எட்டாத தெருவில், செப்டிக் டேங்க் சரியாகக் கட்டப்படுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு இப்போது பெருமளவு வீட்டுக்காரரின் தலையில் இருக்கிறது.

வரைபடத்தில் ஒன்று, குழியில் வேறு

வரைபடத்தில் அழகான தொட்டி இருக்கும். மனையிலோ பல இடங்களில் குழி தோண்டி சிமென்ட் உறைகளை இறக்கி, அடித்தளம் போடாமலே மூடிவிடுகிறார்கள். "சீக்கிரம் நிரம்பாது, லாரிச் செலவு மிச்சம்" என்பது மேஸ்திரி சொல்லும் சமாதானம். நிரம்பாததற்குக் காரணம், கழிவு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருப்பதுதான்.

ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதி, ஐந்து பேர் வாழும் வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம் போதும் என்கிறது. அதாவது, முறைப்படி கட்ட இடமில்லை என்ற வாதம் பெரும்பாலும் நிற்காது. தொட்டியிலிருந்து வழியும் நீர் உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். அந்தக் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமான மனைகளில் இந்த இடைவெளிதான் முதலில் பலியாகிறது. நம் குழி நம் கிணற்றுக்குத் தூரமாக இருந்தாலும், பக்கத்து வீட்டு போர்வெல்லுக்கு அருகிலேயே இருக்கும்.

குடிநீரில் கலப்பவை

டைபாய்டு, வயிற்றுப்போக்கு, ஹெபடைடிஸ் ஏ, ஈ வகை மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகள் மலத்தால் மாசுபட்ட நீரில் பரவுகின்றன. கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; கழிவிலிருந்து நீரில் கலக்கும் நைட்ரேட் போகாது. குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். வரம்பு மீறிய நீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் வலை இல்லாவிட்டால், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குத் தொட்டியே பண்ணையாகிவிடும்.

லாரிக்கும் உரிமம் உண்டு

தொட்டியை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தமிழக நகரங்களில் கழிவு அகற்றும் லாரிகளுக்கு உள்ளாட்சி உரிமம் கட்டாயம். உரிமம் உள்ள லாரியையே அழையுங்கள். எடுத்த கழிவை ஏரியில் கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் சேர்க்க வேண்டும். அப்படியொரு நிலையம் செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017 முதல் இயங்குகிறது.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும்; நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் மேலே வருவதில்லை.

வீடு கட்டுபவர்கள், மூடி போடும் முன் தொட்டியில் நீர் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் பூச்சைச் சரிசெய்யாமல் மேஸ்திரிக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.