இரண்டு போக மீதி தொண்ணூற்றெட்டு

ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. வராந்தாவின் கடைசியில் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் நிற்கிறது. எவர்சில்வர் தொட்டி, மூன்று குழாய்கள். சுவரில், அதைக் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் திறந்து வைத்த தேதியும் பொறித்த பலகை. குழாயைத் திருகிப் பார்த்தேன், தண்ணீர் வரவில்லை. ஃபில்ட்டர் மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது என்றார் தலைமை ஆசிரியை. இயந்திரம் வாங்க நிறுவனத்திடம் பணம் இருந்தது. ஃபில்ட்டர் மாற்றப் பள்ளியிடம் பணம் இல்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

இப்படிக் கொடுப்பதால் கொடுக்கிற நிறுவனத்துக்கு லாபம் கூடுமா, குறையுமா? பொருளாதார ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. வளரும் நாடுகளில் இதற்குத் தனிக் கனம் உண்டு. இந்தியா இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது என்பதால், இங்கிருந்தே தொடங்கலாம்.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றை முந்தைய ஆண்டில் எட்டியிருந்தால் போதும், அது இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். வந்தபின் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைத்தான் எல்லோரும் சி.எஸ்.ஆர். பணம் என்கிறோம். மூன்று ஆண்டுகளில் 4, 6, 8 கோடி லாபம் பார்த்த கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 6 கோடி. அதில் 2 சதவீதம் 12 லட்சம் ரூபாய். இது வரிக்கு முந்தைய லாபத்தின் மேல் போடும் கணக்கு. செலவழித்த அந்தத் தொகையை வருமான வரியில் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

முதல் சில ஆண்டுகளில், செலவிடாவிட்டால் காரணம் சொன்னால் போதும் என்ற நிலை இருந்தது. 2021 ஜனவரியில் அது மாறியது. செலவாகாத பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும், அல்லது அரசு குறிப்பிட்ட நிதிகளுக்கு மாற்ற வேண்டும். தவறினால் அபராதம். முதல் ஆண்டில் சுமார் 10,000 கோடி ரூபாயாக இருந்த மொத்தச் செலவு, 2021-22க்குள் 26,000 கோடியைத் தாண்டிவிட்டது.

ஆய்வாளர்களுக்கு இந்தச் சட்டம் கிடைத்தற்கரிய வாய்ப்பாக அமைந்தது. அதுவரை இருந்த பெரிய சிக்கல் இதுதான்: கொடுக்கும் நிறுவனங்கள் நல்ல லாபத்தில் இருப்பதை எண்கள் காட்டும். ஆனால் கொடுத்ததால் லாபம் வந்ததா, லாபம் வந்ததால் கொடுத்தார்களா? கையில் மிச்சம் இருக்கிற வீட்டில்தானே கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டுப் போகிறோம்? சாண்ட்ரா வாடக்கும் சாமுவேல் கிரேவ்ஸும் 1997இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு, இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்றது. 2003இல் வந்த இன்னொரு ஆய்வு, முந்தைய 52 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பொறுப்புக்கும் லாபத்துக்கும் இடையில் நல்ல உறவே இருக்கிறது என்றது. ஆனால் 2000இலேயே மக்வில்லியம்ஸ், சீகல் என்ற இருவர் ஒரு குறையைச் சுட்டியிருந்தார்கள். சமூகப் பொறுப்பில் முன்னிற்கும் நிறுவனங்கள் புதிய பொருள் ஆராய்ச்சியிலும் நிறையச் செலவிடுகின்றன. அந்த ஆராய்ச்சிச் செலவைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், சமூகப் பொறுப்பால் லாபம் கூடுவதாகத் தெரிந்த தடயம் காணாமல் போய்விடுகிறது.

இந்தியச் சட்டம் இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. 5 கோடியே 10 லட்சம் லாபம் பார்த்த கம்பெனியும் 4 கோடியே 90 லட்சம் லாபம் பார்த்த கம்பெனியும் தொழிலில் ஏறக்குறைய ஒன்றுதான். மற்ற இரண்டு வரம்புகளையும் எட்டாதவை என்றால், முதலாவது மட்டும் சட்டத்துக்குள் மாட்டும், இரண்டாவது தப்பிக்கும். இரண்டின் பங்கு விலையையும், மசோதா நாடாளுமன்றத்தில் நகர்ந்த நாட்களில் ஒப்பிட்டால், கட்டாயச் செலவின் விளைவு மட்டும் தனியே தெரியும். ஹரியோம் மஞ்சிராஜுவும் சிவராம் ராஜகோபாலும் செய்தது இந்த மாதிரி ஒப்பீடுதான். 2017இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, செலவிடக் கட்டாயப்படுத்தப்பட்ட நிறுவனங்களின் பங்கு விலை சராசரியாக 4.1 சதவீதம் சரிந்தது.

4.1 என்பது அதிகமா, குறைவா? ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 ரூபாய் லாபத்தில் வரி 33 ரூபாய் என்றால் பங்குதாரருக்கு மிஞ்சுவது 67. அதிலிருந்து 2 ரூபாய் வெளியே போனால், அவருடைய பங்கில் சுமார் 3 சதவீதம் போகிறது. ஆக, அந்தச் சரிவின் பெரும்பகுதி வெறும் கைவிட்டுப் போகும் பணத்தின் கணக்கே என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுத்த பணம் நல்ல பெயராகவோ வியாபாரமாகவோ திரும்பி வரும் என்று சந்தை நம்பியிருந்தால், சரிவு 3 சதவீதத்துக்கும் கீழே இருந்திருக்க வேண்டும். மஞ்சிராஜுவும் ராஜகோபாலும் ஒரு விதிவிலக்கும் கண்டார்கள்: விளம்பரத்துக்கு அதிகம் செலவிடும் நிறுவனங்களுக்கு அடி விழவில்லை. வீட்டுக்கு வீடு பெயர் தெரிய வேண்டிய கம்பெனிக்குப் பள்ளிச் சுவரில் பெயர் இருப்பது பயன்படும். ஸ்டீல் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் கம்பெனிக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

தம்மிக தர்மபாலவும் விக்ரமாதித்ய கன்னாவும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. 2 சதவீதத்துக்குக் கீழே கொடுத்துவந்த நிறுவனங்கள் சட்டத்துக்குப் பின் கூட்டிக் கொடுத்தன. ஏற்கெனவே 2 சதவீதத்துக்கு மேல் கொடுத்துவந்த பெரிய நிறுவனங்களோ குறைத்துக்கொண்டன. குறைந்தபட்சம் என்று சட்டம் போட்ட கோடு, அவற்றுக்குப் போதும் என்ற கோடாகிவிட்டது.

இதோடு நிறுத்தினால், சமூகப் பொறுப்பு லாபத்தைக் குறைக்கும் என்ற முடிவுக்கு வாசகர் வந்துவிடுவார். அந்த முடிவு தவறு. சட்டம் எதைச் சமூகப் பொறுப்பு என்கிறது என்று பாருங்கள். கம்பெனியின் வழக்கமான தொழில் சார்ந்த செலவு இதில் சேராது. தன் தொழிலாளர்களுக்கு மட்டும் செய்யும் நன்மை சேராது. பள்ளி, மருத்துவமனை, மரக்கன்று, கழிப்பறை என்று தொழிலுக்கு வெளியே கொடுப்பதுதான் சேரும். விளம்பர ஆதாயத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பைக் கழித்ததும் சரிதான், இல்லையென்றால் எல்லாச் செலவையும் சமூகப் பணி என்று எழுதிவிடுவார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். லாபத்தைத் தொடக்கூடிய பொறுப்பு எதுவோ அது இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. 2 சதவீதம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்று அறிக்கை வருகிறது. மீதி 98 சதவீதம் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்பதில்தான் நம் கேள்விக்கான பதில் இருக்கிறது.

அதற்குப் பனியன் தொழில் நகரமான திருப்பூருக்குப் போக வேண்டும்.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60, 80 கிராம் வரைகூடப் போடுவார்கள். சாயம் நூலில் ஒட்ட உப்பு உதவும், ஆனால் உப்பு துணியில் தங்காது. துணி அலசிய தண்ணீரோடு வெளியே போய்விடும். பழைய சுத்திகரிப்பு முறையில் தண்ணீரின் நிறம் மாறும், கரைந்த உப்பு அப்படியே இருக்கும். அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் விழுந்தது. ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களுக்குப் பாசனம் தர 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கிணற்று நீர் உப்பேறியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற உத்தரவு வந்தும் நிறைவேறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகளுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. சாயம் இல்லாமல் பனியன் இல்லை. துணியை வெளி மாநிலங்களுக்கு அனுப்பிச் சாயமிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வண்டிச் செலவு ஏறியது, ஷிப்மெண்ட் தேதி தவறியது. வேலையிழந்த வெளியூர்த் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள்.

மீண்டும் திறக்க வழி ஒன்றே. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் பட்டறைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். மின்சாரமும் விறகும் தின்னும் வேலை இது. மாநில அரசு சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. தாக்குப்பிடிக்க முடியாத சிறு பட்டறைகள் சில திறக்கவே இல்லை. இன்று திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல். சாயத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் ஊர் என்பதை வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பெருமையாகச் சொல்லி ஆர்டர் கேட்கிறார்கள்.

இப்போது ஆய்வாளரின் கண்ணால் இதைப் பாருங்கள். 1995 முதல் 2005 வரையிலான கணக்கை மட்டும் எடுத்திருந்தால், கழிவை ஆற்றில் விட்ட பட்டறைதான் அதிக லாபம் பார்த்தது என்று முடிவு வந்திருக்கும். கணக்கை 2011 வரை நீட்டினால், அந்த லாபத்தில் பெரும்பங்கு விவசாயியிடம் வாங்கிய கடன் என்பது தெரிகிறது. அசலும் வட்டியும் ஒரே நாளில் கேட்கப்பட்டன. பொறுப்பு லாபத்தைக் கூட்டுமா என்ற கேள்விக்கு எத்தனை ஆண்டுக் கணக்கு என்று சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

வளரும் நாடுகளில் இது ஏன் கூடுதல் கனம் பெறுகிறது என்றால், அங்கே சட்டம் எழுத்தில் இருக்கும், நடைமுறை பின்னால் வரும். அந்த இடைவெளியில் கம்பெனி சம்பாதிக்கலாம். இடைவெளி எப்போது மூடும் என்பது யாருக்கும் தெரியாது. சில சமயம் நீதிமன்றம் மூடும். சில சமயம் உயிர்கள் போய் மூடும். வங்கதேசத்தில் சாவாரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் கண்ட மறுநாள், 2013 ஏப்ரல் 24 அன்று, கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. மேலே இருந்த தையல் கூடங்கள் தங்கள் தொழிலாளர்களை வரச்சொன்னன. கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். அதன்பின் வெளிநாட்டு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. தேறாத தொழிற்சாலைக்கு ஆர்டர் இல்லை என்றார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிநாட்டு பையர் ஆடிட் கேட்பார், சான்றிதழ் கேட்பார். அதற்காகப் பீஸுக்குக் கூடுதல் விலை தருவது அரிது. பொறுப்பாக நடப்பவருக்கு ஆர்டர் கைநழுவாமல் இருக்கும், அவ்வளவுதான். சுத்திகரிப்புச் செலவு இங்கே முதலாளியின் தலையில், அங்கே டி-ஷர்ட்டை அணிபவரின் பணப்பையைத் தொடுவதில்லை. இது அநியாயம் என்று நினைக்கிறேன். வளரும் நாட்டு நிறுவனங்களின் எண்களில் பொறுப்பின் பலன் மங்கலாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

கையில் ஏதாவது கம்பெனியின் பங்கு வைத்திருக்கும் வாசகர், ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆர். பக்கத்தோடு நின்றுவிட வேண்டாம். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்திருக்கிறது. எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எவ்வளவு வெளியே விட்டார்கள், வேலையில் எத்தனை பேருக்குக் காயம், ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் அதில் இருக்கும். மீதி 98 சதவீதத்தின் கதை அந்தப் பக்கங்களில்தான் கிடைக்கும். இரண்டு மூன்று ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் நிறையத் தெரியும்.

சி.எஸ்.ஆர். பக்கத்திலும் பார்க்க வேண்டியது உண்டு. தொடரும் திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகள் வரை அதற்குச் செலவிடச் சட்டம் இடம் தருகிறது. ஃபில்ட்டரும் பராமரிப்பும் அதற்குள் தாராளமாக அடங்கும். ஆனால் ஒரே ஆண்டில் வாங்கிக் கொடுத்து முடித்துவிடுவது சுலபம். அந்தப் பள்ளிக்கு இயந்திரம் கொடுத்த நிறுவனத்தின் அறிக்கையைத் தேடிப் பார்த்தேன். பட்டியலில் அந்த வரி இருந்தது. ஒரே ஆண்டுத் திட்டம் என்று போட்டு, தொகை முழுவதும் செலவானதாகக் காட்டியிருந்தார்கள். தலைமை ஆசிரியை ஃபில்ட்டருக்கு ஒரு கொட்டேஷன் வாங்கி, அதே நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்.