வாத்தியம் இல்லாத பாட்டு

சென்ற கிழமை வில்லுப்பாட்டைப் பற்றிச் சொன்னேன். "ஒரு வாத்தியமும் இல்லாமல் பாட்டு நிற்குமா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருந்தார்.

நிற்கும். திருகோணமலைப் பின்குடாக் கரையில், கரைவலை இழுபடும் விடியற்காலைகளில் அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். எனது பெரியப்பா அங்கே அம்பா பாடுவார். அவர் ஓரடி எடுப்பார். கயிற்றில் நிற்பவர்கள் பதில் சொல்லி ஒருமிக்க இழுப்பார்கள். அந்த இழுவைதான் தாளம். வலை பாரமென்றால் பாட்டு மெதுவாகும், மடி கரையை நெருங்கினால் விரையும். முதல்நாள் மீன்பாடு, சம்மாட்டியின் கஞ்சத்தனம், அயல்வீட்டுக் கலியாணம் என்று அவ்விடத்திலேயே வரி கட்டுவார். சம்மாட்டியும் சிரித்துக்கொண்டே கேட்பார், வேறு வழியில்லை.

பதில் சொல்ல ஆளில்லாமல், தனியொருவராக மேடையில் நின்று பாடிக் காட்டியவர் அமெரிக்கரான பொபி மக்ஃபெரின். 1950இல் பிறந்தவர். 1984இல் வெளிவந்த அவரது 'த வொய்ஸ்' இசைத்தட்டில் அவர் குரல் மட்டுமே உண்டு. ஆழத்தில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு உடனே உச்சிக்குத் தாவுவார். மூச்சை உள்ளிழுக்கும்போதும் பாடுவார். நெஞ்சில் தட்டித் தாளம் வைப்பார். தொட்டுவிட்ட கீழ்ச்சுரத்தை எமது காது விடாமல் பிடித்துக்கொள்வதால், இருவர் பாடுவதாகவே மயங்குகிறோம். பாதி வேலையைச் செய்வது கேட்பவர்தான்.

1988இல் அவர் இயற்றிய 'டோன்ட் வொரி, பீ ஹெப்பி' அமெரிக்க 'பில்போர்ட்' பட்டியலில் முதலிடம் பெற்றது. வாத்தியமின்றி அவ்விடத்தை எட்டிய முதற்பாட்டு அது. (அதில் தமது குரலையே பலமுறை பதிவுசெய்து அடுக்கியிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.) அதே அச்சில் இன்னும் பத்துப் பாட்டு வார்த்திருக்கலாம். அவரோ இசைக்குழுவை நெறிப்படுத்தும் கலையைப் பயிலப் போனார். 1990இல், தமது 40ஆவது பிறந்தநாளில், சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி இசைக்குழுவை நடத்தினார்.

பெரியப்பாவுக்கு இசைத்தட்டும் இல்லை, பட்டியலும் இல்லை. பங்குமீன் கிடைத்தது. பின்னர் பல கரைகளில் உழவு இயந்திரம் கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கியது. அதற்குப் பாட்டுத் தேவையில்லை. அவருடைய மெட்டு எனக்கு நினைவிருக்கிறது. வரி ஒன்றைத்தானும் நான் எழுதி வைக்கவில்லை.

கரைவலை இழுத்தவர்கள் யாரேனும் இதைக் கேட்டால், உங்கள் கரையில் பாடியதை, கட்டியவர் பெயரோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த கிழமை அதிலிருந்து தொடங்குவோம்.