மனைவியின் கைப்பேசியில் இருப்பது யாருடைய அமானிதம்?

கணவன் மனைவிக்கிடையில் ஒளிவுமறைவு எதற்கு என்று கேட்டு, மனைவியின் கைப்பேசியைத் திறந்து பார்ப்பதை நம்மில் பலர் உரிமையாகவே கருதுகிறார்கள். கட்டாரிலோ சவூதியிலோ தொழில் புரியும் சிலர், மனைவியின் வட்ஸ்அப்பைத் தமது கணினியிலும் இணைத்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் போனில் இருப்பவை அவளது செய்திகள் மட்டும்தானா? கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் பர்தா இல்லாமல் எடுத்த படங்கள் இருக்கின்றன. தன் குடும்பப் பிரச்சினையைச் சொல்லித் தங்கை அழுத குரல் பதிவு இருக்கிறது. குழந்தையில்லாத தோழியின் வைத்திய அறிக்கையும் இருக்கலாம். அவர்கள் எவரும் அந்தக் கணவனை நம்பி அனுப்பவில்லை. மச்சினியின் அறைக் கதவைத் தட்டாமல் திறக்கக் கூசும் மனிதர், அவளது படங்களைக் கூசாமல் விரலால் தள்ளிப் பார்க்கிறார்.

ஸூரதுன் நூரின் 27ஆவது வசனம் பிறர் வீட்டில் நுழைய அனுமதி கோரச் சொல்கிறது. 58ஆவது வசனமோ, வீட்டுக்குள்ளேயே பஜ்ருக்கு முன், நண்பகலில், இஷாவுக்குப் பின் என மூன்று வேளைகளில் சிறு பிள்ளைகளும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது. நபியவர்களின் அறைக்குள் துவாரம் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்த சம்பவம் புகாரியில் பதிவாகியுள்ளது. அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்பது அதில் தெளிவாகிறது. கால் வாசலுக்கு வெளியே நின்றாலும், கண் உள்ளே போனால் போனதுதான்.

சந்தேகம் வந்தால் நேரே கேட்கலாம். துருவி ஆராய்வதை ஸூரதுல் ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் தடுக்கிறது. தூங்கும் கணவனின் விரலை வைத்துப் போனைத் திறக்கும் மனைவிமாருக்கும் இதே சட்டம்தான். அவர் காதி நீதவானாக இருந்துவிட்டால், ஊரில் எத்தனை வீட்டு வழக்குகள் அதற்குள் இருக்கும்!